ரூட்டிங் புரோட்டோகால்: சிசிஎன்ஏ படிப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க் தேர்வான சிசிஎன்ஏவுக்குப் படிக்கிறவர்களோடு உட்கார்ந்து லேப் செய்வது என் வார இறுதி வேலை. சப்நெட்டிங் (ஒரு நெட்வொர்க்கைச் சிறு துண்டுகளாகப் பிரிப்பது) வரை உற்சாகமாக வருகிறவர்கள் ரூட்டிங்கில் நுழைந்ததும் தடுமாறுகிறார்கள். ஆள் மாறினாலும் சந்தேகம் மாறுவதில்லை. அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளைத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். முதலில் அடிப்படை, போகப் போகச் சிக்கல். கட்டளைகள் எல்லாம் சிஸ்கோ ரூட்டர்களில் ஓடும் ஐஓஎஸ் மென்பொருளின் கட்டளைகள்.

ரூட்டிங், ரூட்டிங் புரோட்டோகால் ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. வந்த பாக்கெட்டின் சேருமிட முகவரியைப் பார்த்து, தன் டேபிளில் தேடி, எந்த இன்டர்ஃபேஸ் வழியாக அனுப்புவது என்று ரூட்டர் முடிவெடுப்பது ரூட்டிங். அந்த டேபிளில் இருக்க வேண்டிய தகவலை ரூட்டர்கள் தங்களுக்குள் பேசித் தெரிந்துகொள்ள உதவுவது ரூட்டிங் புரோட்டோகால். புரோட்டோகால் ஒன்றுமே ஓடாத ரூட்டரும் ரூட்டிங் செய்யும். கையால் எழுதிய ஸ்டேட்டிக் ரூட் இருந்தால் போதும்.

டேபிளை நிரப்புவது ஒரு வேலை. நிரம்பிய டேபிளைப் பார்த்து பாக்கெட்டை அனுப்புவது வேறொரு வேலை. இரண்டுக்கும் விதிகள் தனித்தனி. இதைப் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் பின்னால் வரும் குழப்பங்களில் பாதி வராது. கீழே பல பதில்களில் இந்த இடத்துக்கே திரும்ப வருவேன்.

தேர்வுக்கு எந்தெந்த புரோட்டோகால் படிக்கணும்? வீடியோவுல ரிப், இஐஜிஆர்பி எல்லாம் நடத்துறாங்களே?

பழைய வீடியோவாக இருக்கும். 2020 பிப்ரவரியில் 200-301 தேர்வு வந்தபோது ரிப், இஐஜிஆர்பி என்ற இரண்டு புரோட்டோகால்களையும் கான்ஃபிகர் செய்யும் பகுதி பாடத்திட்டத்திலிருந்து போய்விட்டது. இப்போது நீங்கள் கையால் செய்யத் தெரிந்திருக்க வேண்டியவை ஐபிவி4, ஐபிவி6 ஸ்டேட்டிக் ரூட்டிங், அப்புறம் ஒரே ஏரியா (ரூட்டர்களின் குழு) கொண்ட ஓஎஸ்பிஎஃப் என்ற புரோட்டோகாலின் பதிப்பு 2. ரூட்டிங் டேபிளைப் படிப்பது, ரூட்டர் எப்படித் தேர்ந்தெடுக்கிறது என்பது, கேட்வே ரூட்டருக்கு மாற்று வைக்கும் எஃப்எச்ஆர்பி, இவையும் உண்டு. ஐபி கனெக்டிவிட்டி என்ற இந்தப் பகுதிக்கு மட்டும் 25 சதவீத எடை.

ரிப்பையும் இஐஜிஆர்பியையும் முழுக்க ஒதுக்கிவிடவும் வேண்டாம். டேபிளில் ஆர், டி என்ற எழுத்துகளோடு அவை கேள்வியில் வரலாம், எந்த ரூட் ஜெயிக்கும் என்று கேட்கலாம். ஒவ்வொன்றும் எப்படி யோசிக்கிறது என்று தெரிந்தால் போதும்.

சப்நெட்டிங் இன்னும் சரியா வரலை. ரூட்டிங்கை ஆரம்பிச்சுடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். ஒரு முகவரியையும் மாஸ்க்கையும் (முகவரியில் எத்தனை பிட் நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்று சொல்வது, /26 போல) கொடுத்தால் அந்த நெட்வொர்க் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஒரு நிமிடத்துக்குள் சொல்ல வர வேண்டும். 192.168.10.77/26 என்றால் கடைசி எண் 64 முதல் 127 வரை என்று கை தானாக எழுத வேண்டும். அது வராமல் ரூட்டிங் படித்தால் ஒவ்வொரு கேள்வியிலும் ரூட்டிங்கில் தடுக்கியதா, கணக்கில் தடுக்கியதா என்றே தெரியாது. இரண்டு வாரம் தள்ளிப்போனாலும் நஷ்டமில்லை.

ரூட்டிங் டேபிளைப் பார்த்தாலே தலை சுத்துது. எங்கேயிருந்து படிக்கிறது?

ஒரே ஒரு வரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஷோ ஐபி ரூட் கொடுத்தால் இப்படி ஒன்று வரும்:

ஓ 10.1.5.0/24 [110/2] வயா 192.168.12.2, 00:03:17, கிகாபிட் ஈதர்நெட் 0/0

முதல் எழுத்து, இந்தத் தகவலை யார் சொன்னார்கள் என்பது. ஓ என்றால் ஓஎஸ்பிஎஃப். அடுத்தது எந்த நெட்வொர்க்கைப் பற்றி. அடைப்புக்குள் இரண்டு எண்கள்: 110 என்பது அட்மினிஸ்ட்ரேட்டிவ் டிஸ்டன்ஸ் (சுருக்கமாக ஏடி), சொன்னவரை எவ்வளவு நம்புவது என்ற அளவு. 2 என்பது மெட்ரிக், அந்த வழிக்கு ஆகும் செலவு. வயாவுக்குப் பிறகு நெக்ஸ்ட் ஹாப், பாக்கெட்டை அடுத்து யார் கையில் கொடுப்பது. 00:03:17 என்பது இந்த ரூட் டேபிளுக்குள் வந்து மூன்று நிமிடம் பதினேழு நொடி ஆகிறது என்பது. கடைசியில் எந்த வாசல் வழியாக வெளியே போக வேண்டும்.

யார் சொன்னார், எதைப் பற்றி, எவ்வளவு நம்பலாம், எவ்வளவு செலவு, யாரிடம் கொடுப்பது, எந்த வாசல். இந்த ஆறையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நாளைக்குப் பத்து வரி படியுங்கள். எனக்குத் தெரிந்து ரூட்டிங் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. 00:03:17 என்ற அந்த நேரத்தை நான் சொல்லிக்கொடுக்கும் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள், தாண்டாதீர்கள். அரை நாளாக ஓடும் நெட்வொர்க்கில் ஒரு ரூட்டுக்கு மட்டும் 00:00:08 என்று இருந்தால், அங்கே ஏதோ விழுந்து எழுந்திருக்கிறது.

நான் ஒரு ஐபிதான் கொடுத்தேன். டேபிள்ல சி, எல்னு ரெண்டு வரி ஏன் வருது?

சி வரி, அந்த இன்டர்ஃபேஸ் சேர்ந்திருக்கும் நெட்வொர்க் முழுமைக்கும், உதாரணமாக 192.168.12.0/24. எல் வரி, ரூட்டரின் சொந்த முகவரிக்கு மட்டும், 192.168.12.1/32. பாக்கெட் எனக்கே வந்ததா, நான் கடத்திவிட வேண்டியதா என்று ரூட்டர் இதை வைத்துத் தெரிந்துகொள்கிறது. இன்டர்ஃபேஸ் டவுன் ஆனால் இரண்டும் சேர்ந்தே காணாமல் போகும்.

ஸ்டேட்டிக் ரூட் எல்லாம் சரியா போட்டேன். ரூட்டர்லேருந்து பிங் போகுது, பிசிலேருந்து போகலை. ஏன்?

எதிர்ப்பக்க ரூட்டரில் திரும்பி வரும் வழியை எழுதவில்லை. பிங் என்பது சோதனைப் பாக்கெட் போய்ச் சேர்வது மட்டும் கிடையாது, பதில் திரும்பியும் வர வேண்டும். முதல் ரூட்டரிலிருந்து பிங் செய்யும்போது பாக்கெட்டின் அனுப்புநர் முகவரி இரண்டு ரூட்டர்களுக்கும் நடுவில் இருக்கும் இணைப்பின் முகவரி. அந்த நெட்வொர்க் எதிர் ரூட்டரோடு நேரடியாக ஒட்டியிருப்பதால் பதில் அனுப்ப அதற்குத் தெரியும். பிசியிலிருந்து போகும்போது அனுப்புநர் முகவரி உங்கள் லேன் (உள் நெட்வொர்க்) முகவரி. அதைப் பற்றி எதிர் ரூட்டருக்கு ஒன்றும் தெரியாது, பதிலை அங்கேயே போட்டுவிடும்.

ரூட்டரிலிருந்தே இதைச் சோதிக்க வழி உண்டு. பிங் கட்டளையில் சோர்ஸ் என்று சேர்த்து லேன் இன்டர்ஃபேஸைக் கொடுங்கள். பிசியிலிருந்து அனுப்பியது போலவே போகும்.

ரெண்டு ரூட் பொருந்தினா ஏடி குறைவா இருக்கிறதுதானே ஜெயிக்கும்?

அதிகம் பேர் மதிப்பெண் இழக்கும் இடம் இதுதான், நிதானமாகப் பாருங்கள். டேபிளில் ஓஎஸ்பிஎஃப் சொன்ன 10.1.0.0/16 இருக்கிறது, ரிப் சொன்ன 10.1.5.0/24 இருக்கிறது. பாக்கெட் 10.1.5.20க்குப் போக வேண்டும். ஓஎஸ்பிஎஃப்பின் ஏடி 110, ரிப்பின் ஏடி 120. ஆனாலும் ரிப் வழிதான் போகும். ஏனென்றால் /24 இன்னும் குறிப்பாகப் பொருந்துகிறது.

முதல் பதிலில் இரண்டு வேலைகள் என்று சொன்னேன் அல்லவா? ஏடி வருவது டேபிளை நிரப்பும் வேலையில். அதே நெட்வொர்க், அதே மாஸ்க் நீளம் பற்றி இரண்டு பேர் வந்து சொன்னால் யாரை உள்ளே விடுவது என்பதற்கு மட்டும்தான் ஏடி. /16, /24 என்று நீளம் வேறானால் அவை இரண்டு வெவ்வேறு ரூட்டுகள், போட்டியே இல்லை, இரண்டும் டேபிளுக்குள் போகும். பாக்கெட் வந்து நிற்கும்போது ரூட்டர் பார்ப்பது ஒன்றைத்தான்: பொருந்துகிறவற்றில் மாஸ்க் நீளம் அதிகமானது எது.

இந்த விதியின் பலம் 2008 பிப்ரவரி 24 அன்று உலகத்துக்கே தெரிந்தது. யூடியூப் தன் முகவரிகளை 208.65.152.0/22 என்று அறிவித்துக்கொண்டிருந்தது. பாகிஸ்தான் டெலிகாம் தன் நாட்டுக்குள் யூடியூபைத் தடுப்பதற்காக 208.65.153.0/24 என்று ஒரு ரூட்டை எழுத, அது வெளியே கசிந்துவிட்டது. /24 நீளமானது என்பதால் உலகெங்கும் உள்ள ரூட்டர்கள் அதை நம்பி யூடியூப் டிராஃபிக்கை அங்கே அனுப்பின. யூடியூபும் பதிலுக்கு /24 அறிவித்தது, பிறகு அதையும் இரண்டு /25 துண்டுகளாக்கி அறிவித்தது. சுமார் இரண்டு மணி நேரத்தில் நிலைமை சரியானது. தாக்கியதும் மீட்டதும் ஒரே விதி.

அப்போ மெட்ரிக் எங்கே வருது?

ஒரே புரோட்டோகால், ஒரே நெட்வொர்க்குக்கு இரண்டு வழிகளைக் கண்டுபிடித்தால் அதற்குள் தேர்ந்தெடுப்பதற்கு. ரிப்பின் மெட்ரிக் ஹாப் எண்ணிக்கை (வழியில் எத்தனை ரூட்டர்), ஓஎஸ்பிஎஃப்பின் மெட்ரிக் காஸ்ட், இஐஜிஆர்பி பேண்ட்விட்த்தையும் டிலேயையும் வைத்துப் பெரிய எண் ஒன்றைக் கணக்கிடும். ரிப்பின் 3ஐயும் ஓஎஸ்பிஎஃப்பின் 20ஐயும் ஒப்பிட முடியாது, கிலோவையும் மீட்டரையும் ஒப்பிடுவது போல ஆகிவிடும். அதற்காகத்தான் ஏடி.

மெட்ரிக்கும் சமமாக இருந்தால் இரண்டு வழியையும் டேபிளில் போட்டு டிராஃபிக்கைப் பகிர்ந்து அனுப்பும். ஒரே ரூட்டுக்குக் கீழே இரண்டு வயா வரிகளைப் பார்த்தால் பயப்பட வேண்டாம்.

ஏடி எண்கள் எல்லாத்தையும் மனப்பாடம் செய்யணுமா?

ஆம், இதை மட்டும் செய்துவிடுங்கள். நேரடி இணைப்பு 0, ஸ்டேட்டிக் 1, வெளி பிஜிபி (பிஜிபி பற்றிப் பின்னால் வரும்) 20, இஐஜிஆர்பி 90, ஓஎஸ்பிஎஃப் 110, ஐஎஸ்-ஐஎஸ் 115, ரிப் 120, வெளியிலிருந்து வந்த இஐஜிஆர்பி 170, உள் பிஜிபி 200. 255 என்றால் நம்பவே மாட்டேன் என்று அர்த்தம், டேபிளில் ஏறாது. இவை சிஸ்கோ வைத்திருக்கும் எண்கள், வேறு நிறுவனத்தின் ரூட்டரில் மாறும்.

டிஸ்டன்ஸ் வெக்டர், லிங்க் ஸ்டேட் வித்தியாசம் எத்தனை தடவை படிச்சாலும் நிக்க மாட்டேங்குது. எளிமையா சொல்லுங்க அண்ணா.

கேள்விப்பட்டதைச் சொல்வதற்கும் கண்ணால் பார்த்ததைச் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம். டிஸ்டன்ஸ் வெக்டரில் ஒரு ரூட்டர் தான் கேள்விப்பட்ட எல்லாவற்றையும் பக்கத்து ரூட்டரிடம் மட்டும் சொல்லும். லிங்க் ஸ்டேட்டில் ஒரு ரூட்டர் தன் கண்ணெதிரே இருக்கும் இணைப்புகளை மட்டும் சொல்லும், ஆனால் அது ஏரியாவில் உள்ள எல்லோருக்கும் அப்படியே போய்ச் சேரும். ஆகவே ஓஎஸ்பிஎஃப்பில் ஒவ்வொரு ரூட்டரிடமும் ஏரியாவின் முழு வரைபடம் ஒரே மாதிரி இருக்கும். அதில் டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்ட அல்காரிதத்தை ஓட்டித் தனக்கான குறைந்த செலவு வழியைத் தானே கண்டுபிடிக்கும்.

கேள்விப்பட்டதை நம்பினால் என்ன ஆகும் என்று ரிப்பில் பாருங்கள். மூன்று ரூட்டர்கள் வரிசையாக இருக்கின்றன. கடைசி ரூட்டருக்குப் பின்னால் உள்ள நெட்வொர்க் விழுந்துவிட்டது. அதற்குள் நடு ரூட்டர், அந்த நெட்வொர்க் எனக்கு இத்தனை ஹாப்பில் தெரியும் என்று தன் பழைய தகவலையே கடைசி ரூட்டரிடம் சொல்கிறது. அது கடைசி ரூட்டரிடமிருந்தே கேட்டது என்பது யாருக்கும் நினைவில்லை. இருவரும் மாறி மாறி ஒன்று கூட்டிக்கொண்டே போவார்கள். இதை நிறுத்தத்தான் ரிப்பில் 16 என்றால் முடிவிலி, போய்ச்சேர முடியாது என்று வைத்தார்கள். யாரிடம் கேட்டாயோ அவரிடமே திருப்பிச் சொல்லாதே என்ற ஸ்பிளிட் ஹொரைசன் விதியும் இதற்காகத்தான். 15 ஹாப்புக்கு மேல் ரிப் போகாது என்று புத்தகத்தில் படிக்கும்போது அது ஏதோ விசித்திரமான எல்லை போலத் தெரியும், காரணம் இதுதான்.

கிகாபிட்டுக்கும் காஸ்ட் 1, ஃபாஸ்ட் ஈதர்நெட்டுக்கும் 1. ஓஎஸ்பிஎஃப்புக்கு வேகம் தெரியாதா?

தெரியும், அளவுகோல்தான் பழையது. 100 எம்பிபிஎஸ்ஸை இணைப்பின் வேகத்தால் வகுத்தால் வருவது காஸ்ட். 10 எம்பிபிஎஸ்ஸுக்கு 10, 100க்கு 1. கிகாபிட்டுக்கு 0.1 வர வேண்டும், ஆனால் ஒன்றுக்குக் கீழே காஸ்ட் கிடையாது என்பதால் அதுவும் 1 ஆகிவிடுகிறது.

ஆட்டோ காஸ்ட் ரெஃபரன்ஸ் பேண்ட்விட்த் 10000 என்று கொடுத்தால் அளவுகோல் 10 கிகாபிட்டாக மாறும். அப்போது ஃபாஸ்ட் ஈதர்நெட் 100, கிகாபிட் 10, பத்து கிகாபிட் 1. எல்லா ரூட்டரிலும் ஒரே எண்ணைக் கொடுங்கள். ஒன்றில் மட்டும் மாற்றினால் ஒவ்வொருவரும் வேறு வேறு முழக்கோலால் அளந்த கதையாகி, டிராஃபிக் நினைக்காத பக்கம் போகும்.

ஓஎஸ்பிஎஃப் நெட்வொர்க் கட்டளையில வைல்டுகார்டு மாஸ்க் ஏன்? எந்த நெட்வொர்க்கை விளம்பரம் செய்யணும்னு நேரா சொல்லக் கூடாதா?

அந்தக் கட்டளை விளம்பரம் செய்வதற்கு என்று நினைப்பதிலிருந்துதான் குழப்பம் தொடங்குகிறது. இந்த வரம்புக்குள் ஐபி வைத்திருக்கும் இன்டர்ஃபேஸ்களில் ஓஎஸ்பிஎஃப்பை ஓட்டு என்பதுதான் அதன் பொருள். ஓடத் தொடங்கிய இன்டர்ஃபேஸ், தன்னிடம் இருக்கும் உண்மையான மாஸ்க்கோடு தன் நெட்வொர்க்கைச் சொல்லும். 10.0.0.0 0.255.255.255 என்று கொடுத்தாலும் இன்டர்ஃபேஸில் 10.1.5.1/24 இருந்தால் வெளியே போவது 10.1.5.0/24தான், /8 போகாது.

வைல்டுகார்டு மாஸ்க் என்பது மாஸ்க்கின் தலைகீழ், கணக்கு எளிது. 255இலிருந்து மாஸ்க்கின் ஒவ்வொரு பகுதியையும் கழியுங்கள். /26 என்றால் 255.255.255.192, வைல்டுகார்டு 0.0.0.63. /30க்கு 0.0.0.3. பழகப் பழக, இன்டர்ஃபேஸுக்குள் போய் ஐபி ஓஎஸ்பிஎஃப் 1 ஏரியா 0 என்று கொடுக்கும் வழி எனக்குப் பிடித்துப்போனது. தேர்வுக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

எல்லாம் சரியா இருக்கு, நெய்பர் ஆக மாட்டேங்குது. எதைப் பார்க்கிறது?

ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் நெய்பர் கொடுத்து, பெயரே வரவில்லையா அல்லது வந்து பாதியில் நிற்கிறதா என்று முதலில் பிரியுங்கள். பெயரே வரவில்லை என்றால், ரூட்டர்கள் ஒன்றையொன்று கண்டுகொள்ள அனுப்பும் ஹலோ செய்தி ஒத்துப்போகவில்லை. இருபுறமும் ஏரியா எண் ஒன்றா, ஒரே சப்நெட், ஒரே மாஸ்க்கா, ஹலோ 10 நொடி, டெட் 40 நொடி என்ற நேரங்களை யாராவது மாற்றினார்களா, ஆதென்டிகேஷன் ஒன்றா, ரூட்டர் ஐடி இரண்டுக்கும் தெரியாமல் ஒன்றாகிவிட்டதா, இன்டர்ஃபேஸ் பாஸிவ் ஆகிக் கிடக்கிறதா. பிராசஸ் எண் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, அது அந்த ரூட்டருக்குள் மட்டும் உள்ள எண். கேள்வியில் அதை வேண்டுமென்றே வேறு வேறாகக் கொடுத்துத் திசைதிருப்புவார்கள்.

பாதியில் நின்றால் கதை வேறு. ஆரம்ப காலத்தில் ஒரு ராத்திரி முழுக்க இரண்டு ரூட்டர்களோடு மல்லுக்கட்டினேன். ஒரு பக்கம் எக்ஸ்ஸ்டார்ட் நிலை, மறுபக்கம் எக்ஸ்சேஞ்ச் நிலை. கொஞ்ச நேரம் நிற்கும், விழும், திரும்பத் தொடங்கும். பிங் கொடுத்தால் ஐந்துக்கு ஐந்து வருகிறது. ஏரியா, நேரம், மாஸ்க் எல்லாம் பத்து முறை பார்த்துவிட்டேன். விடியும் நேரத்தில் ஷோ ரன் முழுவதையும் வரிவரியாகப் படித்தபோதுதான் கண்ணில் பட்டது: முந்தைய வாரம் டனல் லேபுக்காக ஒரு இன்டர்ஃபேஸில் ஐபி எம்டியூ (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச பைட் அளவு) 1400 என்று கொடுத்ததை எடுக்கவே இல்லை. எதிர்ப்பக்கம் 1500. தகவல் தொகுப்பைப் பரிமாறும்போது ஓஎஸ்பிஎஃப் தன் எம்டியூவையும் சொல்லும், பெரியதாக இருந்தால் எதிராளி ஏற்க மாட்டார். பிங் ஏன் போனது? ஐஓஎஸ்ஸின் சாதாரண பிங் 100 பைட்தான், 1400க்குள் தாராளமாக நுழையும். எக்ஸ்ஸ்டார்ட் என்று பார்த்தால் இப்போது என் கை தானாக எம்டியூவுக்குப் போகிறது, உங்கள் கையும் போகட்டும்.

சில நெய்பர் ஃபுல்னு காட்டுது, சிலது 2-வேன்னே நிக்குது. தப்பா?

தப்பில்லை. ஈதர்நெட் போன்ற பிராட்காஸ்ட் நெட்வொர்க்கில் பத்து ரூட்டர்கள் இருந்து எல்லோரும் எல்லோரோடும் முழுத் தகவலைப் பரிமாறினால் 45 ஜோடிகள். அதனால் ஒருவரை டிஆர் (பொறுப்பு ரூட்டர்), ஒருவரை பிடிஆர் (அதற்கு மாற்று) என்று தேர்ந்தெடுத்து, மற்றவர்கள் அந்த இருவரோடு மட்டும் ஃபுல் ஆவார்கள். 45 என்பது 17 ஆகிவிடும். பொறுப்பில் இல்லாத இரண்டு பேர் தங்களுக்குள் 2-வே நிலையில் நிற்பதுதான் சரியான நிலை. அதே 2-வே, இரண்டே ரூட்டர் உள்ள இணைப்பில் வந்தால் விசாரியுங்கள். இருவருக்கும் பிரையாரிட்டி 0 கொடுத்து யாருமே டிஆர் ஆக முடியாமல் செய்திருப்பீர்கள்.

பிரையாரிட்டியை 200 ஆக்கினேன். இன்னும் பழைய ரூட்டரே டிஆரா இருக்கு!

டிஆர் தேர்வில் பதவியைப் பறிக்கும் வழக்கம் இல்லை. பெரிய பிரையாரிட்டி, சமமானால் பெரிய ரூட்டர் ஐடி என்பது தேர்வு நடக்கும் அந்த நேரத்துக்கான விதி. ஒருவர் ஏற்கனவே இருந்தால், அவர் விழும் வரை புதியவர் எவ்வளவு பெரியவரானாலும் காத்திருக்க வேண்டும். அவர் விழுந்தாலும் அடுத்து வருவது பிடிஆர். லேபில் உடனே பார்க்க வேண்டுமானால் எல்லா ரூட்டரிலும் கிளியர் ஐபி ஓஎஸ்பிஎஃப் பிராசஸ் கொடுங்கள்.

ரூட்டர் ஐடியும் இதே மாதிரிதான். கையால் கொடுத்தது முதலில், இல்லாவிட்டால் மிகப் பெரிய லூப்பேக் (ரூட்டருக்குள்ளேயே இருக்கும் கற்பனை இன்டர்ஃபேஸ்) முகவரி, அதுவும் இல்லாவிட்டால் அப் ஆக இருக்கும் இன்டர்ஃபேஸ்களில் பெரிய முகவரி. நெய்பர் உறவு வந்த பிறகு மாற்றினால் பிராசஸைக் கிளியர் செய்யும் வரை பழையதே நீடிக்கும். முதல் வரியிலேயே ரூட்டர் ஐடியைக் கையால் கொடுக்கும் பழக்கம் நல்லது.

லூப்பேக்குக்கு /24 கொடுத்தேன், பக்கத்து ரூட்டர்ல /32ன்னு வருது?

ஓஎஸ்பிஎஃப்பைப் பொறுத்தவரை லூப்பேக்குக்குப் பின்னால் வேறு யாரும் இருக்க முடியாது, ஆகவே ஒற்றை முகவரியாகச் சொல்கிறது. /24ஆகவே போக வேண்டுமென்றால் அந்த லூப்பேக்கில் ஐபி ஓஎஸ்பிஎஃப் நெட்வொர்க் பாயின்ட்-டு-பாயின்ட் கொடுங்கள்.

பாஸிவ் இன்டர்ஃபேஸ் போட்டா அந்த நெட்வொர்க் மத்தவங்களுக்குத் தெரியாதே?

தெரியும். பாஸிவ் என்றால் அந்த வாசலில் ஹலோ சொல்லாதே, அவ்வளவுதான். ஹலோ இல்லாததால் அங்கே நெய்பர் உறவு வராது. நெட்வொர்க் கட்டளைக்குள் அந்த இன்டர்ஃபேஸ் வருகிறவரை அதன் நெட்வொர்க்கை மற்ற வாசல்கள் வழியாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கும். பயனர்களின் லேன் பக்கம் இதைப் போடாமல் விடாதீர்கள். அங்கே யாராவது ஒரு ரூட்டரைச் செருகி உங்கள் ஓஎஸ்பிஎஃப்பில் சேர்ந்துகொள்ள இடம் கொடுக்கக் கூடாது.

ஃபுளோட்டிங் ஸ்டேட்டிக் போட்டேன், டேபிள்ல காணோம்.

காணாமல் இருப்பதுதான் அதன் வேலை. ஓஎஸ்பிஎஃப் ரூட்டுக்கு மாற்றாக வைக்கும் ஸ்டேட்டிக் ரூட்டின் கடைசியில் 110ஐவிடப் பெரிய ஏடி, 115 என்றோ 130 என்றோ கொடுப்போம். ஓஎஸ்பிஎஃப் வழி இருக்கும்வரை அது வெளியே நிற்கும், போனதும் உள்ளே வரும். இரண்டின் மாஸ்க் நீளமும் ஒன்றாக இருப்பது முக்கியம். நீளமாக எழுதிவிட்டால் ஏடி பற்றிய பேச்சே இல்லாமல் உள்ளே ஏறி டிராஃபிக்கை இழுத்துக்கொள்ளும், யூடியூப் விஷயத்தில் பார்த்த அதே கதை.

முதன்மை வழியும் ஸ்டேட்டிக்காக இருந்தால் இன்னொரு பள்ளம் உண்டு. நடுவில் சுவிட்ச் இருந்து, அதற்கு அப்பால் உள்ள கேபிள் அறுந்தால் உங்கள் இன்டர்ஃபேஸ் அப் ஆகவே இருக்கும். ரூட்டரும் பழைய ரூட்டை எடுக்காது, மாற்று ரூட் வராது, பாக்கெட்டுகள் காற்றில் போகும். ஓஎஸ்பிஎஃப்பாக இருந்தால் 40 நொடி ஹலோ வராததை வைத்தே தெரிந்துகொண்டிருக்கும்.

டீஃபால்ட் ரூட்டை எல்லா ரூட்டர்லயும் தனித்தனியா எழுதணுமா?

வேறெதுவும் பொருந்தாதபோது பயன்படும் இந்த ரூட்டை இணையத்தோடு இணைந்திருக்கும் ரூட்டரில் மட்டும் எழுதி, அங்கே ஓஎஸ்பிஎஃப்புக்குள் டீஃபால்ட் இன்ஃபர்மேஷன் ஒரிஜினேட் கொடுங்கள். மற்றவற்றில் ஓ, நட்சத்திரக் குறி, இ2 என்ற அடையாளத்தோடு வரும். கொடுத்தும் வரவில்லை என்றால் அந்த ரூட்டரின் டேபிளிலேயே டீஃபால்ட் ரூட் இருக்கிறதா என்று பாருங்கள். தன்னிடம் இல்லாததை அது சொல்லாது, ஆல்வேஸ் என்று சேர்த்துக் கேட்டால் ஒழிய.

ஐபிவி6ல அதே ஸ்டேட்டிக் ரூட் எழுதினா ஏத்துக்க மாட்டேங்குது.

நெக்ஸ்ட் ஹாப்பாக எஃப்இ80 என்று தொடங்கும் லிங்க் லோக்கல் முகவரியைக் கொடுத்திருப்பீர்கள். அந்த வகை முகவரி ஒவ்வொரு இணைப்புக்குள்ளும் மட்டும்தான் செல்லும், ஒரே முகவரி உங்கள் நான்கு வாசல்களுக்கு வெளியேயும் இருக்கலாம். ஆகவே எந்த வாசல் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்னொன்று, ஐபிவி6 யூனிகாஸ்ட் ரூட்டிங் என்ற கட்டளையைக் கொடுக்காவிட்டால் முகவரிகள் இருந்தாலும் அந்த ரூட்டர் ஐபிவி6 பாக்கெட்டைக் கடத்தாது.

பிஜிபி இப்பவே படிக்கலாமா?

எதற்காக இருக்கிறது என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். மற்றவை எல்லாம் ஒரு நிர்வாகத்துக்குள் ஓடுபவை, பிஜிபி நிர்வாகங்களுக்கு நடுவில் ஓடுவது. 1989இல் கர்க் லோஹீடும் யாக்கோவ் ரெக்டரும் கைதுடைக்கும் காகிதத் துண்டுகளில் வரைந்து தொடங்கியது இன்று இணையம் முழுவதையும் ஒட்டிவைத்திருக்கிறது. டிசிபி 179 போர்ட். ஆழமாகப் போவது அடுத்த நிலைத் தேர்வில்.

பேக்கெட் டிரேசர் போதுமா, உண்மையான ரூட்டர் வாங்கணுமா?

இந்தத் தேர்வுக்கு சிஸ்கோவின் சிமுலேட்டரான பேக்கெட் டிரேசர் போதும், இலவசம். சில கட்டளைகள் அதில் இருக்காது. அப்போது ஜிஎன்எஸ்3 எமுலேட்டர், அல்லது லினக்ஸில் எஃப்ஆர்ஆர் என்ற ரூட்டிங் மென்பொருள் போட்டுப் பாருங்கள். எதில் செய்தாலும், வேலை செய்ததும் மூடிவிடாதீர்கள். ஒவ்வொன்றாக உடைத்து, என்ன மாறுகிறது என்று டேபிளில் பாருங்கள். ஏரியாவை மாற்றுங்கள், டெட் நேரம் முடியும் வரை காத்திருந்து பாருங்கள். நண்பர் உடைத்துக் கொடுத்து நீங்கள் கண்டுபிடித்தால் இன்னும் நல்லது.

தேர்வில் 120 நிமிடங்கள். விட்டுவந்த கேள்விக்குத் திரும்பிப் போக முடியாது. டேபிளைக் காட்டிக் கேட்கும் கேள்விகளை அவசரத்தில் படித்தால் ஏடியைப் பார்த்து ஏமாறுவீர்கள். முதலில் மாஸ்க் நீளம்.

டேபிள்ல ரூட் இருக்கு, ரெண்டு பக்கமும் இருக்கு, ஆனாலும் பிங் போகலை. இனி என்னதான் பார்க்கிறது?

முதல் பாக்கெட் மட்டும் தொலைந்து ஐந்தில் நான்கு வந்தால் பிரச்சினையே இல்லை. நெக்ஸ்ட் ஹாப்பின் மேக் (வன்பொருள்) முகவரியை ஏஆர்பி கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் போன பாக்கெட் அது. மறுபடி கொடுங்கள், ஐந்தும் வரும். ஒன்றுமே வரவில்லை என்றால் பிசியின் கேட்வே முகவரி, வழியில் ஏதாவது ஏசிஎல் (பாக்கெட்டைத் தடுக்கும் விதிப் பட்டியல்), எதிர் பிசியின் ஃபயர்வால் என்று பாருங்கள். பிசியில் ஃபயர்வால் பிங்கைத் தடுப்பது மிகச் சாதாரணம், ரூட்டர் மேல் பழி விழும்.

அதிலும் பிடிபடாவிட்டால் டிரேஸ்ரூட் கொடுத்து கடைசியாகப் பதில் சொன்ன ரூட்டர் எது என்று பாருங்கள். அந்த ரூட்டருக்குள் போய், போகும் முகவரிக்கு ஒரு முறை, திரும்பி வரும் முகவரிக்கு ஒரு முறை, ஷோ ஐபி ரூட்டோடு முகவரியையும் சேர்த்துக் கொடுங்கள். அதற்கு அடுத்த ரூட்டரிலும் அதையே செய்யுங்கள். பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில், நீங்கள் எதிர்பார்த்ததைவிட நீளமான மாஸ்க்கோடு ஒரு வரி வேறு பக்கம் கைகாட்டிக்கொண்டிருக்கும்.